சார்ந்திருப்பவர் எழுதிக்கொள்வது

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதும் கடிதம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அக்கா கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். நான் வியாழக்கிழமை வரை சௌக்கியம். அதற்குப் பிறகு எப்படி என்பது உன் கையில்தான் இருக்கிறது, அதனால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போகாமல் முழுவதும் படி.

இந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வீடு வாங்கினால் ஐந்து வருஷம் தங்க அனுமதி தருவார்கள் என்று விளம்பரம் பார்த்து, உன் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். நீ அப்போதே வேண்டாம் என்றாய். விதி என்னவென்றால் வீடு ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு பேர் பெயரில் போட்டால் மதிப்பு ஆளுக்குப் பாதியாகிக் கேட்ட தொகைக்குக் குறைந்துவிடும், இரண்டு பேருக்குமே அனுமதி கிடையாது. சரி, என் பெயரில் போடுவோம் என்று வக்கீல் முன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். அவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "இது நாலு மாசத்துல முடியுது. ஆறு மாசம் இருக்கணும்" என்றார். அந்தப் பாஸ்போர்ட் படத்தில் எனக்கு முன்தலையில் முடி இருந்தது. புதுப்பித்தால் அது போய்விடுமே என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இதை வக்கீலிடம் சொல்ல முடியுமா? "என்ன இப்போ, வீடு அவங்க பேர்லயே இருக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். உன் அக்கா மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்று முதல் இந்த அரசாங்கத்தின் கணக்கில் அவள் உரிமையாளர், நான் சார்ந்திருப்பவர். என் அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் ஊரார் விடுமுறை விண்ணப்பங்களுக்கெல்லாம் அனுமதி கொடுத்தவன் நான், எனக்கே அனுமதி உன் அக்கா கையெழுத்துப் போட்டால்தான். போன வருஷம் அதற்காகப் போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. "இவரை எத்தனை வருஷம் வச்சுக்கறீங்க?" என்று அவளைத்தான் கேட்டாள். ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் இருந்தது. உன் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் போடுங்க, பார்த்துக்கலாம்" என்றாள். ஆறாவது கேள்வி, சார்ந்திருப்பவரால் உரிமையாளருக்கு இடையூறு ஏதும் உண்டா என்பது. மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். உன் அக்கா கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் கட்டடத்தில் வீட்டு உரிமையாளர்கள் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். உன் அக்கா கடைக்குப் போயிருந்தாள். சும்மா எட்டிப் பார்ப்போம் என்றுதான் போனேன். வாசலில் நோட்டை நீட்டினார்கள். நோட்டை நீட்டினால் என் கை சும்மா இருக்குமா? உரிமையாளர் என்ற இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழ்வீட்டுப் பல் டாக்டர்தான் சங்கத்துக்குச் செயலாளர். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். "ஐயா மாதிரி நிர்வாக அனுபவம் உள்ளவங்க என்ன நினைக்கிறாங்களோ" என்று என்னைப் பார்த்து இழுத்தார். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில் என் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கையைத் தூக்கிவிட்டேன். ஏழுக்கு ஆறு, தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். உன் அக்கா அப்போது பால்கனியில் என் கால்சட்டையைத்தான் உதறிக்கொண்டிருந்தாள். "அப்போ இதை எங்க காயப்போடறது?" என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவில்லை. மறுநாளே பல் டாக்டர் கொடியைக் கழற்றச் சொல்லி வந்து நின்றார். "வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார். "நான்தான்" என்றாள். "அப்போ ஐயா?" என்றார். "ஐயா என்கூட இருக்கார்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் ஓட்டு செல்லாது என்று நானே அவரிடம் போய்ச் சொன்னேன். "செல்லாதுன்னு வீட்டம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்" என்கிறார். தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா என் அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் வர வேண்டும்? கடைசி நாள் வருகிற வியாழக்கிழமை. படிவத்தைப் பேனாவோடு அவள் முன்னால் வைத்தேன். "பார்க்கலாம்" என்று சொல்லி அடுப்படி இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள். பன்னிரண்டு நாளாகிறது. காலையில் நான்தான் காபி போடுகிறேன். பாத்திரம் தேய்க்கிறேன். சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளிலும் துணி காய்கிறது, நாங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம் என்றால் பயமாக இருக்கிறது, ஆறாவது கேள்விக்கு இந்தத் தடவை எத்தனை தாள் எழுதியிருக்கிறாளோ.

அவள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தானே இங்கே வந்தோம், ஆகவே வெள்ளிக்கிழமை உன் வீட்டு வாசலில்தான் பெட்டியோடு நிற்பேன். என்னை வைத்துச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் மனைவிக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதை விடு. நாற்பது வருஷம் அவள் குரல் கேட்கிற வீட்டிலேயே இருந்து பழகிவிட்டேன். அவள் திட்டாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாதுடா. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். தம்பி சொன்னால் கேட்பாள். உடனே போன் பண்ணிப் பேசு. நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, வீடு வாங்கும்போது தங்கள் பெயரிலேயே வாங்கி, நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைச் சார்ந்திருக்கும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, கையெழுத்து மாறியிருக்கேன்னு பார்க்காதே, அக்காதான். கவரை ஒட்டிக் கூரியர்ல போடச் சொல்லி, நான் படிக்க மாட்டேன்னு நம்பி என்கிட்டயே கொடுத்துட்டுத் துணி கிளிப் வாங்கப் போயிருக்கார். படிவம் கொடுத்த மறுநாளே நான் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. அனுமதி முந்தாநாளே வந்துடுச்சு. இழுப்பறையில இருக்கறது வெறும் கரண்டிதான். வியாழக்கிழமை காலையில நானே சொல்லிக்கறேன், நீ போன் பண்ணிக் கெடுத்துடாதே, பாத்திரம் நல்லாத் தேய்க்கிறார். வாய் வரலைன்னு எழுதியிருக்கார் பாரு, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். எத்தனை வருஷம்னு அந்தப் பொண்ணு இந்தத் தடவையும் கேட்டா. அஞ்சுன்னேன். அதுக்கு மேல போட முடியுமான்னும் கேட்டுப் பார்த்தேன். கட்டம் இல்லையாம்.