ரெண்டு நிமிஷ நைனா போட்ட ஜூஸ்

கவரைப்பேட்டை வட்டாரத்தில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எந்தச் சாமானும் ரெண்டு நிமிஷ நைனாவின் கையிலிருந்து தப்பியதாகச் சரித்திரம் கிடையாது. ஓடாத சாமானை ரிப்பேர் செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற சாமானை, அது ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே பிரித்துப் போடுகிற ஒருவருக்கு எழுபதுகளில் நான் மூன்று வருஷம் பக்கத்துப் போர்ஷன்காரனாக இருந்தேன். இன்றைக்கும் யாராவது என் எதிரில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், என் வலது கை தானாகவே போய் இடது கை வாட்ச்சைப் பொத்திக்கொள்கிறது.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையில், டைம் ஆபீஸில் அவர் கார்டை எடுத்து அடுக்குகிறவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். எதிரில் நிற்பவர் மேனேஜரானாலும் சரி, மாடு மேய்க்கிறவரானாலும் சரி, "நைனா" என்றுதான் ஆரம்பிப்பார். "ரெண்டே நிமிஷம்" என்றுதான் முடிப்பார். ஊர் இரண்டையும் ஒட்டிப் பெயராக்கிவிட்டது.

தொழிற்சாலையில் அவர் ராஜா. மோட்டார் காயில் சுற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த மாதிரி நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "பின்னாடி பேரிங் பூடுச்சி நைனா" என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தால்தான் வினை. அவர் கை வைத்த பிறகு, மேரியக்கா வீட்டில் பல்பு எரிந்தால்தான் நைனா வீட்டு ரேடியோ பாடும் என்று ஆகிவிட்டது. மேரியக்கா நான்கு போர்ஷனில் கடைசிப் போர்ஷன். எங்கள் கேண்டீனில் வேலை. சாயங்காலம் செய்தி கேட்க வேண்டுமென்றால் நைனா அங்கே போய், "யக்கா, லைட்ட கொஞ்சம் போடு, நாட்டுல இன்னா நடக்குதுன்னு பாப்போம்" என்று கெஞ்சுவார். என் சைக்கிள் டைனமோவையும் ஒரு நாள் திறந்து பார்த்து மூடினார். அன்றிலிருந்து விளக்கு எரியவில்லை. பெல்லைத் தொட்டால் ஷாக் அடித்தது. டைனமோவை மறுபடியும் கழற்றிக்கொண்டு போய் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். ரெண்டே நிமிஷம் என்றுதான் சொன்னார். எட்டு மாதம் அது அந்த டின்னில்தான் கிடந்தது.

இப்படிப்பட்டவருடன் கஸ்தூரி அக்கா எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்றால், சத்தம் போட்டுத்தான். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். ஏரியில் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல். "தே! அடுப்ப இன்னாத்துக்குயா பிரிச்சிக்கினு கீற!" என்று அவள் கேட்டால், ரயிலடியில் டிக்கெட் எடுப்பவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரல் ஒரு கோடையில் நின்று போனது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். இதற்கு முன்னால் ஒரு தடவை உண்டாகி, ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியவள். இந்தத் தடவை மசக்கை ஆளையே உருக்கிவிட்டது. சோறு தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை, தண்ணீர் கூடத் தங்கவில்லை. பத்து நாளில் அவள் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. பொன்னேரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஏதாவது ஒண்ணு வயித்துல தங்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில கொண்டாந்து சேர்த்துடுங்க, பாட்டில் ஏத்தணும்." ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவள் வயிற்றில் கடைசியாகத் தங்கியது, மெட்ராஸில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் குடித்த மாம்பழ ஜூஸ். இளநீர் ஊற்றி, நுங்கு போட்டு, மிக்ஸியில் அடித்துக் கொடுத்தது. "அந்த ஜூஸு இருந்தா குடிப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நைனாவுக்கு அது போதும்.

மறுநாளே ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போய், அதே கடையில் ஜூஸ் வாங்கி, பாசஞ்சரில் ஏறினார். எண்ணூர் வரைக்கும் நல்லபடியாகத்தான் வந்தார். அதற்கப்புறம், கரண்டும் இல்லாமல் ஐஸும் இல்லாமல் இந்த ஃபிளாஸ்க் எப்படிச் சில்லென்று வைத்திருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிட்டது. அடிப்பக்கத்தைத் திருகினார். அத்திப்பட்டில் உள்ளே இருந்த கண்ணாடி நொறுங்கி, ஜூஸ் முழுக்க எதிர் சீட்டுக்காரர் வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

மேரியக்கா மாம்பழத்தைக் கையால் பிசைந்து வடிகட்டிக் கொடுத்துப் பார்த்தாள். எங்கேயோ ஒரு நார் தொண்டையில் பட, எல்லாம் வெளியே வந்துவிட்டது. அம்மியில் அரைத்தார்கள். எத்தனை கழுவியும் பூண்டு வாசனை போகவில்லை. நைனா தன் பங்குக்கு ஒரு அன்னாசிப்பழம் வாங்கி வந்தார்.

"முழுகாம கீறவளுக்கு அன்னாசியா? இன்னா ஆம்பளயா நீ!" என்று மேரியக்கா அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். அந்தக் களேபரத்தில் வயிறு நிறைந்தவன் நான் ஒருவன்தான்.

அந்தக் காலத்தில் மிக்ஸி எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் கூட வராத பொருள். ஆனால் நைனா அசரவில்லை. "மிக்ஸின்னா இன்னா நைனா? கீழ ஒரு மோட்டாரு, மேல ஒரு சொம்பு. ரெண்டே நிமிஷம்." சொன்னது புதன்கிழமை. காயலான் கடையில் பழைய டிரில்லிங் மெஷினின் மோட்டார் ஒன்றைப் பிடித்தார். வீட்டிலிருந்த எவர்சில்வர் தூக்கின் அடியில் ஓட்டை போட்டு, தண்டைச் செருகி, ரம்பத் துண்டில் பிளேடு செய்து, மேலே ஒரு நட்டைப் போட்டு முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் தயார். அரிசி மூட்டையை விடக் கொஞ்சம்தான் கனம் குறைவு.

ஊத்துக்கோட்டை சந்தையில் பொறுக்கி வாங்கிய பங்கனபள்ளி மூன்றே மூன்று. இளநீர் ஒரு குடம், நுங்கு ஒரு தட்டு. முதல் மாம்பழம் தூக்குக்குள் போனது.

"நைனா, மூடிய நல்லா அமுக்கிப் புடி. கைய எடுத்துராத."

ஸ்விட்சைப் போட்டார். உர்ரென்று ஒரு சத்தம். உள்ளே ஏதோ கழன்றது. என் கைக்குக் கீழே மூடி எகிறியது. கண்ணைத் திறந்து பார்த்தால், மாம்பழம் உத்தரத்தில் இருந்தது, பிளேடு மூலையிலிருந்த கூடை மேல் இருந்தது, நட்டைக் காணோம்.

நைனாவின் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "ரிவர்ஸு நைனா. மோட்டாரு பின்பக்கமா சுத்துது, அதான் நட்டு தானா கயண்டுக்கிச்சி. ரெண்டு வயர மாத்திப் போட்டா முன்பக்கம் சுத்தும். ரெண்டே நிமிஷம்."

தொழிற்சாலையில் இது எனக்கே தெரிந்த விஷயம். அங்கே மோட்டாருக்கு மூன்று வயர் வரும். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். நைனா ப்ளக்கைத் திறந்து, அதிலிருந்த இரண்டு வயரையும் இடம் மாற்றி, வேறு நட்டு போட்டு, இரண்டாவது பழத்தையும் அறுத்துப் போட்டார். ஸ்விட்ச்.

அதே உர். அதே எகிறல். இந்தத் தடவை நான் மூடி மேல் கவிழ்ந்து அமுக்கியிருந்ததால், உத்தரத்துக்குப் போக வழியில்லாமல் முழுப் பழமும் என் மேல் வந்தது. அது போதாதென்று வெளியே டப்பென்று ஒரு சத்தம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று நைனா தடியான கம்பியாகப் போட்டு வைத்திருந்தார். நம் ஃபியூஸ் போவதற்குப் பதில் கம்பத்து ஃபியூஸ் போய்விட்டது. நான்கு போர்ஷனிலும் ஃபேன் நின்றது. தெருக்கோடி வரைக்கும் ரேடியோக்கள் வாயை மூடிக்கொண்டன.

"லைன்மேன் சாயங்காலந்தான் வருவாராம்!" என்று மேரியக்கா வாசலிலிருந்து கத்தினாள். "நல்லா பேஜாரு பண்ணி வெச்சேயா!"

நைனா ப்ளக்கையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "இது ஊட்டு கரண்டு நைனா! ரெண்டே வயரு. இத்த எப்டி மாத்திப் போட்டாலும் அது போற பக்கந்தான் போவும். மோட்டாருக்கு உள்ள மாத்தணும். பொடிப் பையனுக்குத் தெரியும்... இருவது வருசமா மூணு வயர்லயே பொயச்ச கை, அதுவா மாத்திடுச்சி."

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாருக்கும் அடி படல இல்ல?" காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. அவ்வளவுதான், நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாம்பழம் ஒன்றே ஒன்று பாக்கி. கரண்டு இல்லை. விடிந்தால் திங்கட்கிழமை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மாம்பழம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு என்ன ஆறுதல் சொல்வது?

முகம் கழுவலாமென்று வெளியே போனேன். சைக்கிளில் இடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், சைக்கிளைப் பார்த்தார். பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"நைனா! டைனமோ எப்டி சுத்துது?"

"என்னோடது சுத்தி எட்டு மாசமாச்சு."

"டயர்ல ஒரசித்தானே சுத்துது? கரண்டு இன்னாத்துக்கு?"

டின்னைக் கவிழ்த்து, என் டைனமோவின் தலையிலிருந்த குட்டிச் சக்கரத்தை எடுத்தார். மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, தூக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த தண்டில் அதை மாட்டி, பிளேடை மறுபடி முடுக்கினார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, தூக்கைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டு போய், குட்டிச் சக்கரம் டயரில் உரசும்படி பிடித்துக்கொண்டார். கடைசி மாம்பழம், நுங்கு, இளநீர் எல்லாம் உள்ளே போயின. மேரியக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியை அமுக்கினாள். நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"மிதிக்கவா?"

"இரு இரு!" என்று அலறினார். மூடியைத் திறக்கச் சொல்லி, பெடலைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நட்டு கழல்கிற பக்கம்தான் திரும்பியது. தூக்கைத் தூக்கிக்கொண்டு டயரின் அந்தப் பக்கம் போனார். மறுபடி ஒரு சுற்று. நட்டு இறுகியது. ஓட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு சாமானைச் சோதித்துப் பார்த்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"இப்ப மிதி நைனா!"

மிதித்தேன். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி நெல்லூர் வரைக்கும் போயிருக்கலாம், அப்படி மிதித்தேன். தூக்கு உய்யென்று பாடியது. நிறுத்தச் சொன்னபோது, மேலெல்லாம் மாம்பழமாக இருந்த நான் வாட்ச்சைத் துடைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிஷம்.

மேரியக்கா டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாரில்லை, வாசனையில்லை, மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். டம்ளரைக் காலி செய்தாள்.

நைனா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். "குட்சிட்டாளா?" என்று என்னைக் கேட்டார்.

"குடிச்சிட்டாங்க."

"தங்குமா? ரெண்டு நிமிஷம் பாக்கலாம், இன்னா?"

அவர் வாழ்க்கையில் எத்தனையோ ரெண்டு நிமிஷம் கேட்டிருக்கிறார். அதில் நீளமானது இதுதான். அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நைனா மெல்ல அருகே போய்க் குந்தினார். தயங்கித் தயங்கி, ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை அவள் வயிற்றுப் பக்கம் கொண்டு போனார்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"தே! இன்னாயா பண்ற! புத்தி கீதா உனுக்கு! அத்த எடு மொதல்ல!"

ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

நைனா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. இடுப்பில் செருகியிருந்த, மெஷின் துடைக்கிற பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் முகம் பூராவும் அப்பியது. "கேட்டியா நைனா," என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார், "நல்லா ஓடுது."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. மாம்பழம் வரத்து இருந்தவரைக்கும் தினமும் காலையில் டைம் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் நான் சைக்கிள் மிதித்தேன். பெண் குழந்தை பிறந்தது. தாயின் குரலோடு பிறந்தது. இப்போது என் வீட்டிலும் மிக்ஸி இருக்கிறது. அது ஓடும்போதெல்லாம் மேஜைக்கடியில் என் கால் இரண்டும் தானாக மிதிக்க ஆரம்பித்துவிடுகின்றன. நானும் நிறுத்துவதில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தால் நைனா வீட்டு வாசல் வந்துவிடும் என்று தோன்றும்.