லிஃப்டுக்கு எதுக்கு வரலாறு?

இனிமேல் இந்த வீட்டில் உண்மை பேசிப் பிரயோஜனமில்லை என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தது பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. பெரிய முடிவுகளை எடுக்க அவருக்கு வீட்டில் வேறு தனியிடம் கிடையாது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். நாள் முழுக்க ஏறுவார், இறங்குவார். வாழ்க்கையில் மட்டும் இருந்த மாடியிலேயே இருந்தார். லிஃப்டுக்குள் ஒரு மூலையில் ஸ்குரூ டிரைவரும் கையுமாக அவர் நிற்க, ஜனங்கள் பேசிக்கொண்டே ஏறுவார்கள். "நட்சத்திரம் செத்த பிறகும் அதோட வெளிச்சம் வந்துக்கிட்டே இருக்கும், ஏன்னா..." என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஐந்தாவது மாடி வந்துவிடும். "அந்த ராஜாவை எதிரிங்க யாரும் கவுக்கலை, அவனைக் கவுத்தது என்னன்னா..." கதவு திறந்துவிடும். இப்படி உலகத்திலுள்ள அத்தனை விஷயங்களும் அவருக்குப் பாதி பாதி தெரியும். மீதிப் பாதிக்காக அவர் ஏங்கினார். விளையாட்டில்லை, நிஜமாகவே ஏங்கினார். ஐந்தாவது மாடி ஆசாமியின் பின்னாலேயே இறங்கிப் போய்விடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது.

ஒரு கல்லூரியில் லிஃப்ட் சரிசெய்யப் போன இடத்தில்தான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. வேலை பார்ப்பவர்களுக்கான முதுகலைப் படிப்பு, சனிக்கிழமை மத்தியானங்களில். வரலாறு, வானியல், ஓவியம், சட்டம், இலக்கியம் எல்லாம் ஒன்றாகக் கலந்து. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று கழுத்தைப் பிடிக்காத படிப்பு! லிஃப்ட் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவருடைய ஆசைகளுக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. ஆசையாக வாங்கிய வயலின் அலமாரிக்கு மேலே கிடந்தது. தொலைநோக்கி அலமாரிக்குப் பின்னால். மீன்தொட்டியில் வெங்காயம் இருந்தது. "இனிமே ஆசை கீசைன்னு வந்தா, அதைச் செருப்போட வாசல்லயே கழட்டி விட்டுட்டு உள்ள வாங்க" என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்திப் பழகியவள். ஆனால் கம்பெனி உத்தரவு என்றால் மட்டும் மறுபேச்சு பேசமாட்டாள்.

"கம்பெனியில என்னைப் படிக்கச் சொல்லிட்டாங்க" என்றார் அவர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "முதுகலை. மாட்டேன்னா வேலைக்கே ஆபத்தாம்."

"என்ன படிப்பாம்?"

"எல்லாம்தான். வரலாறு, வானியல், ஓவியம்..."

"லிஃப்டுக்கு எதுக்குங்க வரலாறு?"

"லிஃப்ட் ஏறி இறங்குது இல்ல? சாம்ராஜ்யங்களும் அப்படித்தானாம்."

"வானியல்?"

"மேல போறது எல்லாமே நம்ம டிபார்ட்மென்ட்தான்னு சொல்லிட்டார் மேனேஜர்."

"சரி, ஓவியம்?"

ஓவியத்துக்கு அவர் எதுவும் தயார்செய்து வைத்திருக்கவில்லை. "நானும் அதைத்தான் கேட்டேன். வாயை மூடுன்னுட்டார்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்ங்க நீங்க. இந்த வயசுல உங்களைப் பிடிச்சு இப்படிக் கொடுமைப்படுத்தறாங்களே!"

இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை. அன்று ராத்திரி கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வகுப்போ சொர்க்கம். ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு வங்கிக் காசாளர் என்று அவரைப் போலவே களைத்துப்போன ஜனங்கள். பேராசிரியை அந்தப் பருவம் முழுக்க எடுத்துக்கொண்ட பொருள் நிழல். வெறும் நிழல்! குச்சியின் நிழலை அளந்தே பூமி எவ்வளவு பெரிது என்று கண்டுபிடித்த கதை ஒரு வாரம். நிழலே இல்லாமல் மனிதர்களை வரைந்த ஓவியர்கள் மறுவாரம். பிறகு, அடுத்த வீட்டுச் சுவரின் நிழல் தன் ஜன்னலில் விழுகிறது என்று வழக்குப் போட்ட பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை. இங்கே எந்தக் கதவும் நடுவில் திறக்கவில்லை. எல்லோரும் ஆரம்பித்த வாக்கியத்தை முடித்தார்கள்.

கஷ்டம் வீட்டில்தான். வாசலுக்கு வந்ததும் சந்தோஷத்தைத் துடைத்துவிட்டு, அடிபட்டவர் மாதிரி நுழைய வேண்டும்.

"இன்னைக்கு என்னங்க சொல்லிக்குடுத்தாங்க?" என்று ஆவலாகக் கேட்பாள் மனைவி.

கொடியில் காயும் துணியின் நிழல் தரையில் ஆடுவதைப் பார்த்தாலே அவருக்கு அவளிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவார் போலிருந்தது. "ஏதோ நிழலாம். ஒரு மண்ணும் புரியலை" என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்வார். அவள் அவர் நெற்றியில் தைலம் தேய்த்துவிடுவாள். மேனேஜரின் ஏழு தலைமுறைக்கும் சாபம் விழும். ஆசைப்பட்ட படிப்பு கிடைத்துவிட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் வீட்டில் ஆள் இல்லை. அந்த ஏக்கம் பழைய ஏக்கத்தைவிட மோசமாக இருந்தது.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொருவரும் எழுந்து நின்று பேச வேண்டும். லிஃப்ட் ஏறி இறங்கும் கூட்டின் உச்சியில் தனியாக நின்று, கேபிள்களையே சபையாக வைத்து, அவர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். அந்த நாளும் வந்தது. சோகத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"உட்காருங்க. இனிமே நீங்க போகவே வேண்டாம்" என்றாள் மனைவி.

"என்னது?"

"நேத்து உங்க மேனேஜரைப் போய்ப் பார்த்துட்டேன். 'அவர் படற பாட்டைப் பார்க்க முடியலைங்க'ன்னு சொன்னேன். தங்கமான மனுஷர். 'அவர் படிக்கவே வேண்டாம்மா'ன்னு உடனே ஒத்துக்கிட்டார்."

ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்? படி என்று அவர் எப்போது சொன்னார்! லிஃப்ட்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கருணை தவிர ஒன்றுமில்லை.

"பாதி முடிச்சாச்சே. மீதியையும் எப்படியாவது தாங்கிக்கறேனே."

"எதுக்குங்க தாங்கணும்? நல்லா சாஞ்சு படுங்க."

"பாவம் அந்த டீச்சரம்மா, காத்துக்கிட்டிருப்பாங்க."

"அவங்களும் சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும். ஃபேனைப் போடவா?"

ஃபேனையும் போட்டாள். ஜன்னல் வழியாக அவருடைய பஸ் வருவது தெரிந்தது. நின்றது. கிளம்பிப் போயும்விட்டது. அதோடு அவரால் முடியவில்லை.

"யாரும் என்னைப் படிக்கச் சொல்லலை" என்றார். குரல் உடைந்தது. "நான்தான் ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் மீதி வாரத்தையே ஓட்டறேன். இன்னைக்கு நான் பேசணும். என்னைப் போக விடு."

மனைவி ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாள். நாலு பக்கமும் 'பழகுநர்' என்று எழுதிய டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் நின்றது.

பாதி வழியில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "மேனேஜர் ரொம்பக் கோவிச்சுக்கிட்டாரா?"

"எந்த மேனேஜர்? நான் யாரையும் பார்க்கலையே."

"அப்புறம் எப்படி...?"

"கஷ்டப்படற மனுஷன் தூக்கத்துல சிரிப்பானாங்க?"

லிஃப்ட்காரர் காருக்குள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

வகுப்புக்குள் அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பேசினார். லிஃப்ட் கூட்டுக்குள் நிழலே கிடையாது, வெறும் இருட்டுதான். நிழல் விழ வேண்டுமானால் எங்கிருந்தாவது கொஞ்சம் வெளிச்சம் வந்தாக வேண்டும் என்று ஆரம்பித்து, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் கடைசிவரை பேசி முடித்தார். பஸ் டிரைவர் விசில் அடித்தார். இப்படி ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது.

"அருமை. ஒரே ஒரு கேள்வி" என்றார் பேராசிரியை. "அந்தக் கதையில சுவரை இடிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்த பிறகு, அந்தப் பெண் ஏன் வேண்டாம்னு சொல்றா?"

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். அந்தக் கதையை அவர் தீர்ப்பு வரைக்கும்தான் படித்திருந்தார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"சுவர் இடியணும்னு அவளுக்கு இல்லைங்க. எனக்கும் வெயில் வேணும்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லணும். யாராவது அதைக் காதுல வாங்கணும். அவ்வளவுதான்."

"நீ எப்ப இதைப் படிச்சே?" என்றார் லிஃப்ட்காரர், மேடையிலிருந்தே.

"நீங்க ஆபீஸ் போனப்புறம்தான். கூடச் சேர்ந்து நாமளும் கொஞ்சம் கஷ்டப்படலாமேன்னு உங்க புத்தகத்தை எடுத்தேன். கஷ்டமே வரலை. இதைப் பத்தி யார்கிட்டயாவது பேசணும்னு தவிச்சேன். நீங்க புரியலைன்னு சொல்லிப் படுத்துட்டீங்க."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க ஏன் இதுல சேரக்கூடாது?"

"ரொம்ப ஆசைதான்" என்றாள் அவள். சொல்லும்போது அவள் குரல் லேசாக நடுங்கியதை லிஃப்ட்காரர் கேட்டார். அந்த நடுக்கம் அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. "ஆனா சனிக்கிழமை வீட்டையும் சமையலையும் பார்த்துக்க ஆள் வேணுமே. அவரைத்தான் கேட்கணும்."

நர்ஸ், பஸ் டிரைவர், காசாளர், பேராசிரியை, எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். லிஃப்ட்காரர் தலையாட்டினார். அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவர் கல்யாணமான வருஷமே முதுகலை முடித்துவிட்டவர்.