மூடியைத் திறந்தவன் சம்பந்திக்கு எழுதிக்கொள்வது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் மகள் சுகம், மாப்பிள்ளை சுகம், எனக்குத்தான் இந்த வீட்டில் முகம் காட்ட முடியவில்லை.

விஷயம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் மின்கம்பி மாற்றுகிறார்கள் என்று மருமகள் தான் வளர்க்கும் பாக்டீரியாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் படுக்கும் அறையில் மேஜைவிளக்கின் கீழே வைத்தாள். விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி முறுக்கிய பாட்டில்கள். உள்ளே இருப்பது வெளிச்சத்தைச் சாப்பிட்டு வாழும் இனமாம். வெளிச்சம் பட்டதும் அதற்குள் ஓர் எலக்ட்ரான் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவுமாம், தாவும்போது நிறம் துளி மாறுமாம், அந்த மாற்றத்தை லேசரால் பிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கிளப்பிவிட ஒரு பளிச், எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்கப் பின்னாலேயே இன்னொரு பளிச். நீச்சல் குளத்தில் நான் விசில் ஊதியதும் பிள்ளைகள் குதிப்பார்களே, அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்த லேசருக்குப் பெரிய வரிசையே நிற்கிறது, இவள் முறை வருகிற வியாழக்கிழமை, தவறினால் பட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். "மாமா, எதையும் தொடாதீங்க, அது போதும்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தொடாமல்தான் இருந்தேன் சம்பந்தி. ஆனால் நீச்சல் குளத்தில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் மூச்சு முட்டுகிறவர்களைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவன் நான். இறுக்கி மூடின தண்ணிக்குள்ள உயிருள்ளது கிடக்குது, காத்து போக இடமில்ல, பக்கத்துல நான் குறட்டை விடணுமாம், மனசு கேக்குமா? எல்லா மூடியையும் திறந்தேன், கொஞ்சம் தண்ணியை வெளியே கொட்டினேன், ஒவ்வொண்ணா கலக்கியும் விட்டேன். நல்லாத்தான் பெருகுச்சு. ஆனா கருஞ்சிவப்பா இருந்தது ரெண்டு மூணு நாள்ல வெளுத்துப்போச்சு. "ஐயோ மாமா, காத்து கிடைச்சா அதுங்களுக்கு வெளிச்சம் எதுக்கு? அந்த நிறத்தையே உண்டாக்காது. நிறம் இல்லன்னா நான் எதைப் பாக்கறது?"ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்தினவதான், இன்னிவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தங்கள் மாப்பிள்ளை என்னடான்னா, "எங்கப்பா பாக்டீரியாவுக்குச் செயற்கை சுவாசம் குடுத்தாரு"ன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு வந்துட்டான்.

தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். தங்களுடைய நிதானம் எனக்கு வராது. தங்களைப் போன்றவர் வீட்டுப் பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கே ஒரு லாட்ஜுக்குப் போய்விடுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டும்போது மருமகள் வந்து, யாருக்கு என்று கேட்டாள். சொன்னதும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பாகிட்டயா மன்னிப்பு? போன தடவ லேப் பார்க்க வந்தவரு, கெட்டுப்போன ஜூஸுன்னு அத்தனையையும் சிங்க்ல கொட்டி, பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவியும் வச்சாரு. அன்னியிலேர்ந்து ஒரு செட் பாட்டிலை எப்பவும் சிநேகிதி வீட்டுல ஒளிச்சு வைக்கிறேன். வியாழக்கிழமைக்கு அது இருக்கு. அதுவரைக்கும் நீங்க பயந்துட்டிருந்தா நல்லதுன்னுதான் பேசல" என்றாள். ஆகவே லாட்ஜுக்குப் போவதாக இல்லை. சம்பந்தி, நான் திறக்கத்தான் செய்தேன், தங்களைப் போல அத்தனையையும் சிங்க்கில் கொட்டவில்லை. மேலே கேட்டிருக்கும் மன்னிப்பைத் தயவுசெய்து அடுத்த தபாலிலேயே திருப்பி அனுப்பவும்.