சீர்த்தட்டுக்குக் குறுக்கே படுத்தவன்

இருபது வயதில் சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு யாரும் போகக்கூடாது. கடித்துவிடுவான் என்பதல்ல, கருத்துச் சொல்லிவிடுவான்.

தொண்ணூறுகளில் நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன் (அப்படித்தான் அப்பா நம்பினார்). அப்போது வரதட்சணையை எதிர்த்து ஒரு படம் வந்தது. சீர்த்தட்டுகள் வரும்போது கதாநாயகன் மண்டப வாசலில் குறுக்கே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "முடிந்தால் என்னைத் தாண்டிப் போங்கள்" என்பான். ஒருவரும் தாண்டமாட்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை வரதட்சணை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருந்ததுதான். இடைவேளைக்குள் நிபுணனாகிவிட்டேன்.

அதே வாரம் உடுமலைப்பேட்டையில் அத்தை மகள் கல்யாணம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. என் தங்கச்சியின் காதுகுத்துக்கு அப்பா நேரில் போகாமல் ஆள்விட்டு அழைத்தார் என்று அத்தை வரவில்லை. வரவில்லை என்று அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தாய்மாமன் சீர் இல்லாமல் மகள் மணவறை ஏறினால், அத்தை அந்த ஊரில் எப்படித் தலைநிமிர்வாள்? அப்பா அசையவில்லை. "நான் வல்ல. நீ வேணாப் போய்த் தலையக் காட்டிட்டு வா" என்று தொண்டாமுத்தூரிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

போனேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் கொட்டுச் சத்தம். வரிசையாகத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அடுக்கிய பழங்களுக்குப் பின்னால் முகங்கள் தெரியவில்லை (நான் பார்க்கவும் முயலவில்லை). அடப் பாவிகளா, எங்கள் அத்தையிடமே கறக்கிறீர்களா!

வாசலில் படுத்தேன். கண்ணை மூடினேன். "வரதட்சணை ஒழிக! முடிஞ்சா என்னைத் தாண்டிப் போங்க!"

கொட்டு நின்றது. படத்தில் இந்த இடத்தில் வயலின் வரும். இங்கே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் குரல் வந்தது.

"ஏனுங்க, இந்தத் தம்பி யாருங்க?"

"பொண்ணோட மாமன் பையனுங்க," என்றார் யாரோ.

"அப்ப முறைப்பையனுங்களா?"

அடக் கெரகமே! இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் கல்யாணத்தன்று முறைப்பையன் வாசலில் படுத்தால் ஒரே அர்த்தம்தான்: பெண்ணை எனக்குக் கொடு.

"புள்ள மேல ஆசைன்னா முன்னாலயே சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே தம்பி," என்றார் பெரியவர், மிகுந்த மரியாதையோடு. "மாலையக் கழட்டாதீங்க மாப்பிள்ளை!" என்று யாரோ கெஞ்சுவது கேட்டது. "ஐயோ, இவனையா!" என்று மாடியிலிருந்து மணப்பெண் அலறியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"எனக்குப் பொண்ணு வேண்டாங்க! நீங்க வரதட்சணை வாங்காம இருந்தாப் போதுமுங்க!"

"நாங்க ஒத்தப் பைசா கேக்கலீங்களே. இது உங்க ஊட்டுச் சீருங்க."

கண்ணைத் திறந்தேன். முதல் தட்டோடு அம்மா நின்றாள். பக்கத்தில் பட்டு வேட்டியில் அப்பா. மனசு கேளாமல், விடிகாலையில் வேன் பிடித்துச் சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவமானத்தில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வந்ததே தப்பு. வண்டியத் திருப்பச் சொல்லு," என்றார் அம்மாவிடம்.

எனக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. அதற்குள் அத்தை ஓடிவந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் எனக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றார்கள். இத்தனை வருஷம் கழித்து முதல் வார்த்தையை எதில் ஆரம்பிப்பது? அத்தை குனிந்து என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, பையனுக்குக் கிறுக்கு ஏதாவது புடிச்சுப்போச்சுங்களா?"

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான் அம்மணி."

அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அவன் கெடக்கறான், தாண்டி வாங்கண்ணா!"

"தாண்டுனாப் பையன் வளரமாட்டானே," என்றாள் அம்மா.

"வளந்த வரைக்கும் போதும்," என்று அப்பா தாண்டினார். பின்னாலேயே அத்தனை சொந்தமும் தட்டோடு தாண்டியது. கொட்டுக்காரர்கள்கூடக் கொட்டிக்கொண்டே தாண்டினார்கள்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசாத வாரமே கிடையாது. என்னைத் திட்டித்தான் பேச்சே தொடங்கும். நான் மட்டும் இன்றுவரை எந்தப் படத்தைப் பற்றியும் வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. "இந்தப் படம் சமூகத்துக்கு..." என்று ஆரம்பித்தாலே போதும், என் மகள் பாயை எடுத்துக்கொண்டு போய் வாசலில் விரித்துவிடுகிறாள்.