ஆறாவது டீமுக்குப் போன ஹெல்மெட்

நேற்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அண்ணனுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் அத்திப்பள்ளி கிரவுண்டில் அவன் கையில் கொடுக்க வேண்டும்.

அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும்.

நான்தான் குழந்தை இல்லையே, எம்.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ்!

முதலில் என் அண்ணன் தினேஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன். முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்களே, அந்த ஆட்டம். பேர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை கம்மி.

அதிலும் என் அண்ணன் ஓடுகிறவன் இல்லை, அமுக்குகிறவனும் இல்லை. லாங் ஸ்னாப்பர். அதாவது குனிந்து நின்று, பந்தைக் கால் நடுவே பின்னாடி எறிவான். பதினைந்து கஜம் தள்ளி நிற்கிறவன் அதைப் பிடித்து உதைப்பான். முடிந்தது. அண்ணன் நிமிர்ந்து, நடந்து போய் உட்கார்ந்துகொள்வான்.

"இதுக்கு ஒரு சம்பளமா?" என்பார் அப்பா. அப்பா கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். பர்மனென்ட். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

பெங்களூர் பக்கம் அண்ணன் இதுவரை ஐந்து டீம் மாறிவிட்டான். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "பையன் கம்பெனி மாறிட்டான்" என்பாள். ஓசூரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இங்கே எல்லாரும் மாறிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

நேற்று ஆறாவது டீமுக்கு ட்ரயல். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "இதுவும் இல்லன்னா திங்கக்கிழமை என்கூட கம்பெனிக்கு வர்ற. காண்ட்ராக்ட்டுல பேசி வச்சிருக்கேன். பேச்சே இல்ல."

அண்ணனும் தலையாட்டிவிட்டு, விடியற்காலையிலேயே நண்பன் வண்டியில் கிளம்பிவிட்டான். ஷூ எடுத்தான், தோளுக்குப் போடும் பேட் எடுத்தான், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம்கூட எடுத்தான்.

ஹெல்மெட்டை மட்டும் டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்!

போன் வந்தது. "ஏய் கவி, ஹெல்மெட் இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்டி. வண்டிய எடுத்துட்டு ஓடியா!"

ஸ்கூட்டி இருந்தது. என் ஹெல்மெட் இல்லை. அதை அப்பா ஷிஃப்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிட்டுப் போடி" என்றாள் அம்மா.

"ஒரு ஹெல்மெட்டைக் கொண்டு போறதுக்கு இன்னொரு ஹெல்மெட் எதுக்கும்மா? லாஜிக்கா யோசி!"

இந்த லாஜிக்தான் எனக்கு எமன்.

அண்ணன் ஹெல்மெட்டை நானே மாட்டிக்கொண்டேன். அவனுக்குப் பூசணிக்காய்த் தலை. எனக்கு உள்ளே குடுகுடுவென்று ஆடியது. ஆனால் அந்த ஹெல்மெட்டுக்குள் காற்றுப் பை இருக்கிறது; உச்சியில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசி செருகிக் காற்றடித்தால் தலைக்கு ஏற்ற மாதிரி இறுகும். அதுவும் எனக்குத் தெரியும். அடித்தேன். நன்றாக அடித்தேன். கச்சிதம்!

பம்பை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ரோட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இருக்கிறதே! சிக்னலில் நின்ற கம்பெனி பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பஸ்ஸே ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருந்தது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "பாப்பா, வெல்டிங் வேலையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

நான் நேராகப் பார்த்து ஓட்டினேன். வேறு எங்கும் பார்க்கவும் முடியாது. கழுத்து திரும்பவில்லை.

ஜூஜூவாடி கிட்டே, மாநில எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், பேரிகேட். டிராஃபிக் எஸ்.ஐ. ஒருவர் வெள்ளைச் சட்டையில், கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்.

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு. என்னம்மா இது, தலையில கூண்டு?"

"ஹெல்மெட் சார்."

"முன்னாடி எதுக்குக் கம்பி? யாரையாச்சும் கடிச்சிருவியா?"

பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்.

"சார், தலைக்கவசம் போடணும்னுதான் சட்டம் சொல்லுது. கம்பி இருக்கக் கூடாதுன்னு எந்த செக்‌ஷன்ல இருக்கு?"

"ஐ.எஸ்.ஐ. மார்க் எங்க?"

"இது அமெரிக்கா ஹெல்மெட் சார்."

"அப்ப அமெரிக்காவுல ஓட்டு. கழட்டு."

கழற்றினேன். அதாவது, கழற்றப் பார்த்தேன்.

வரவில்லை!

இழுத்தேன். காது வந்தது, ஹெல்மெட் வரவில்லை. ஏட்டு வந்து பிடித்து இழுத்தார். நான்தான் ஸ்கூட்டியிலிருந்து வந்தேன், ஹெல்மெட் வரவில்லை.

"ஏம்மா, இது யாரு ஹெல்மெட்டு?"

"எங்க அண்ணனோடது சார். அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளேயர்."

"எந்த டீமு?"

"அஞ்சு டீமு ஆயிருச்சு சார். ஆறாவது இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும்."

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு வானத்தைப் பார்த்தார்.

"நடுவுல நின்னு எறியற ஆளு சார். ஸ்னாப்பர்."

"புரியல. என்னாத்த எறிவான்?"

இந்த இடத்தில் நான் வாயால் விளக்கிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒருத்தருக்குப் புரியவில்லை என்றால் புரிய வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், சுடிதாரில், தலையில் கூண்டோடு, குனிந்தேன்.

"இப்படிக் குனிஞ்சு சார்... இப்படிப் பின்னாடி..."

எறிந்தேன்.

'டங்' என்று ஒரு சத்தம். லாரிகள்கூட ஹாரன் அடிக்கவில்லை.

மெதுவாக நிமிர்ந்து திரும்பினேன். எஸ்.ஐ. கையில் கிளாஸ் இல்லை. அதில் இருந்த டீ, வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து பெல்ட் வரை இறங்கிக்கொண்டிருந்தது. ஏட்டு பேரிகேட் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

எஸ்.ஐ. ரொம்ப நிதானமாகக் கேட்டார். "உங்கண்ணனும் இப்படித்தான் எறிவானா?"

"ஐயோ இல்ல சார்! அவன் கரெக்டா எறிவான்."

"கரெக்டா எறியறவன ஏன் டீம் டீமா தொரத்துறாங்க? ஏன் ஒரு டீமுகூட இல்ல இப்ப?"

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அண்ணனைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"யாரும் தொரத்தல சார்! மொத டீமு ஓனருக்கு ரியல் எஸ்டேட் படுத்துச்சு, டீமும் படுத்துச்சு. ரெண்டாவதுல ஓனரோட மச்சானுக்கு அந்த எடம் வேணும்னு சொல்லிட்டாங்க. மூணாவதுல ரெண்டு டீமை ஒண்ணாக்கினாங்க, ஒரு ஆளு அதிகமாயிட்டான், அது எங்கண்ணன். நாலாவதுல புதுசா ஒரு கோச் வந்தாரு, வரும்போதே அவரு ஆளைக் கையோட கூட்டிட்டு வந்தாரு. அஞ்சாவதுல தொடையில அடி, ஆறி வர்றதுக்குள்ள அந்த எடத்துல வேற ஆளு! இன்னைக்கும் இல்லன்னா திங்கக்கிழமை அப்பாகூட பிரஸ் ஷாப்புக்குப் போகணும். இதுல எங்கண்ணன் தப்பு என்ன சார்? சொல்லுங்க!"

ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே கணகணவென்று கேட்டது. அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் நாலாவது டீமில் அவர் முகம் மாறிவிட்டது.

"புதுசா வர்றவரு அவரு ஆளைக் கூட்டிட்டு வருவாரு. சரிதான்" என்றார்.

கர்ச்சீப்பால் சட்டையைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "தளி. அஞ்செட்டி. பாரூர். ஒரு ஊருல கேஸ் கனெக்‌ஷன் மாத்தறதுக்குள்ள அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துரும். ஜவளகிரி ரோட்டுல யானை தாண்டற வரைக்கும் வண்டிய நிறுத்திக்கிட்டு நின்னிருக்கேன். யானைக்கு யாரு ஆர்டர் போடறது? என் வீட்டுக்காரம்மா இன்னமும் கேக்குறா, நீங்க என்ன தப்பு பண்ணீங்கன்னு."

நான் எடுத்து வைத்த சட்டப் பாயின்ட் ஒன்றுகூட அவரை அசைக்கவில்லை என்பதை இங்கே மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

அதற்குள் போன் அடித்தது. காதில் வைக்க முடியவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கடி இருக்க? இன்னும் ரெண்டு பேரு, அப்புறம் நான்!"

எஸ்.ஐ. போனை வாங்கினார். "தம்பி, டிராஃபிக் எஸ்.ஐ. பேசறேன். உன் தங்கச்சி தலை ஹெல்மெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு."

அண்ணன் கேட்டான், "சார்... ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலயே?"

உடன்பிறப்பு!

"உச்சியில ஓட்டை இருக்கு சார், பந்து ஊசி செருகினாக் காத்து போயிரும்" என்றான்.

எதிரிலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "அய்யோ, ஏனாயித்தம்மா?" என்று கன்னடத்தில் பதறினார். பந்து ஊசி இருந்தது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். உச்சியில் ஊசியைச் செருகினார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய் கம்ப்ரெஸர் டியூபை எடுத்து அதில் மாட்டிவிட்டது.

புஸ்ஸ்ஸ்!

"யோவ், எடுக்கச் சொன்னா அடிக்கிற!" என்று எஸ்.ஐ. கத்தியது எனக்கு எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. என் கன்னம் இரண்டும் கம்பிக்கு வெளியே வந்துவிட்டன. கண்ணுக்கு முன்னால் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

டியூபைப் பிடுங்கினார்கள். காற்று இறங்கியது. தலை வந்தது. என் தலைதான், தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்!" என்று ஸ்கூட்டியில் ஏறினேன்.

"நில்லு. ஹெல்மெட் எங்க?" என்றார் எஸ்.ஐ.

"இதோ, கையில."

"கையில வச்சுக்கிட்டு ஓட்டினா கேஸு. தலையில போடு."

"சார், நீங்கதானே கழட்டச் சொன்னீங்க!"

"இப்ப நான்தான் போடச் சொல்றேன். வாதாடிக்கிட்டே இருந்தீன்னா உங்கண்ணன் திங்கக்கிழமை பிரஸ் ஷாப்புலதான் குனிவான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, வாதாடாமல் போட்டேன். குடுகுடுவென்று ஆடிற்று. டீ கறையோடு அவர் பைக்கில் முன்னால் போனார், நான் பின்னால். எல்லைப் பலகை வந்ததும் ஒதுங்கி நின்று கை காட்டினார். "இதோட என் லிமிட் முடிஞ்சது. போ, போ!"

கிரவுண்டு வாசலில் அண்ணன் பறந்து வந்தான். என் தலையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கி, தன் தலையில் போட்டு, அப்படியே உள்ளே ஓடினான். "வந்தியாடி"கூட இல்லை.

கோச் ஒரு அமெரிக்கர். மைதான நடுவே அண்ணன் குனிந்தான். எறிந்தான். பந்து ஒரு கோடு போட்ட மாதிரி நேராகப் போய்ப் பின்னால் நின்றவன் கையில் உட்கார்ந்தது. மறுபடி. மறுபடி. ஒன்றுகூடத் தப்பவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு வேலைக்கு இவ்வளவு ஊர் சுற்ற வைக்கிறார்களே பாவிகளா என்று தோன்றியது.

எடுத்துவிட்டார்கள்! ஒரு சீசன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "பர்மனென்டா?" என்றார்.

"காண்ட்ராக்ட்தான்ப்பா."

"சரி, எந்த ஷிஃப்டுன்னு கேட்டுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அதுதான் அவர் வாழ்த்து.

அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கையில் பளபளவென்று ஒரு புது ஹெல்மெட்.

"செலக்ட் ஆனவங்களுக்கு டீமே குடுக்குதுடி. இந்தா, பழசு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

அண்ணன் ஆறாவது டீமில் சேர்ந்துவிட்டான். அந்தக் கூண்டை மறுபடி தலையில் மாட்ட மனசில்லாமல் நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்கூட்டி இன்னும் அத்திப்பள்ளியில்தான் நிற்கிறது.