ஆட்டுக்கு ஒரே சுவரொட்டி

ஓர் ஆட்டுக்கு ஒரே ஒரு மண்ணீரல்தான். சுவரொட்டி என்பார்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. இந்த விஷயத்தில் கடவுள் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் உசேன் பாய் கறிக்கடைச் சுவரொட்டி என் தட்டுக்குத்தான் வரும். அதற்கும் வந்தது ஆபத்து. திராட்சைத் தோட்டத்தில் என் மனைவி பவுனு மயங்கி உட்கார்ந்துவிட்டாள். உத்தமபாளையம் டாக்டர் மதீனா ரத்தத்தைச் சோதித்து, இரும்புச்சத்து ரொம்பக் குறைவு என்றார். மாத்திரை, கீரை, சுவரொட்டி. சாப்பாட்டோடு டீ மட்டும் கூடாது. சாப்பிட்ட இரும்பை அது உடம்பில் சேரவிடாதாம்.

சுவரொட்டி தட்டு மாறியது. பவுனு டீயை விட்டாள். நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து உறிஞ்சினேன்.

“இந்தாங்க, அத அங்கன போயிக் குடிங்களேன். வாசம் ஆளக் கொல்லுது.”

“நான் என்ன நோயாளியா? எங்கன வேணா குடிப்பேன்!”

சொல்லும்போதே மூளையில் பல்பு எரிந்தது. டீ இரும்பைத் தடுக்குமென்றால், டீ குடித்தே என் இரும்பைக் குறைத்துவிடலாமே! ரிப்போர்ட் கைக்கு வந்தால் சுவரொட்டியில் சரிபாதி என்னுடையது. அன்று முதல் சோறு ஒரு வாய், டீ ஒரு வாய். இட்லிக்கே டீயைத் தொட்டுக்கொண்டேன். பவுனு தடுக்கவேயில்லை. கேட்காமலே சொம்பு சொம்பாகப் போட்டுக் கொடுத்தாள். பாவம், ஏமாளி என்று எனக்கு இரக்கம் வந்தது.

மாதங்கள் ஓடின. ஒருநாள் தோட்டத்தில் நல்ல நிழலாகப் பார்த்து மயங்கி விழுந்தேன்.

“பவுனு! தல சுத்துது!”

“எந்தப் பக்கமா?”

“ரெண்டு பக்கமும்!”

“அப்பத் தானா நேரா வந்துரும். சரி, எந்திரிங்க. டாக்டரம்மாவப் பாத்துருவோம்.”

ரிப்போர்ட் வந்தது. குறைவு! தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

“டாக்டரம்மா, அப்ப எனக்கும் சுவரொட்டி உண்டுல்ல?”

“பொறுங்க. ஆம்பளைக்குக் குறைஞ்சா காரணம் பாக்கணும். டீ நெறையக் குடிப்பீகளா?”

“சும்மா, லேசா...”

பவுனு முந்திக்கொண்டாள். “வேளைக்கு ஒரு சொம்பு டாக்டரம்மா. சோத்தோட சோறாக் குடிக்கிறாக.”

“அப்ப மொதல்ல டீய நிறுத்துங்க. மாத்திரை எழுதுறேன், கீரை சாப்பிடுங்க. முடிச்சிட்டு மறுபடி டெஸ்ட் பாப்போம். பவுனு, உங்களுக்கு நல்லா ஏறியிருக்கு. ஆனா இன்னும் பத்தாது. சுவரொட்டிய விட்றாதீக.”

திரும்பும்போது பைக்கின் பின்னால் பாட்டு முணுமுணுப்பு கேட்டது. எனக்குப் பொறி தட்டியது.

“ஏத்தா, தெரிஞ்சேதான் சொம்பு சொம்பா ஊத்துனியா?”

“பின்ன? நான் சொல்லி நீங்க என்னைக்கு டீய விட்டீக? டாக்டரம்மா சொல்லிட்டாகல்ல. வீட்ல இனி டீத்தூளே கெடையாது.”

ஞாயிற்றுக்கிழமை. மிளகு தூக்கலாகச் சுவரொட்டி வறுவல், அவள் தட்டில். என் தட்டில் முருங்கைக்கீரை, டம்ளரில் வெந்நீர். எச்சில் விழுங்கினேன்.

“வேணும்னா அங்கன போயி உக்காருங்க,” என்றாள் பவுனு, மிகுந்த அக்கறையோடு. “வாசம் ஆளக் கொல்லும்.”

போனேன், வாசமும் கூடவே வந்தது.