விசாரணை வாத்தியாரும் சிலேட்டுத் துணியும்

எங்கள் ஊரில் காய்ச்சலுக்கு முன்னால் வீடு வந்து சேருகிற ஒரே மனிதர் விசாரணை வாத்தியார்தான். பிள்ளைக்கு உடம்பு சுட ஆரம்பிப்பதற்குள் அவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். "ஏன் வரல?" என்பார். அவருக்கு அதுதான் வணக்கம், அதுதான் சௌக்கியமா.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாப்பாரப்பட்டி ரோட்டில் இருக்கிற எங்கள் ஊர் ஹைஸ்கூலுக்கு அவர் கணக்கு வாத்தியாராக வந்தது அறுபதுகளின் கடைசியில். ஆள் ஒல்லி. சட்டை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். புதிதாக வந்த தபால்காரர் டீக்கடையில், "விசாரணைங்கறது யாருங்க, போலீசா?" என்று கேட்டாராம். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "போலீசா இருந்தா ஒரு தடவ வந்துட்டுப் போயிடுவாங்களேங்க" என்றாராம்.

மாசி மாதம் எங்கள் பக்கம் புளி உலுக்குகிற காலம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். எங்கள் பங்காளி சின்னசாமி தன் மகனை மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். விசாரணை வந்து அண்ணாந்து பார்த்தார்.

"டேய், ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்னா?"

மேலே இருந்து புளியோடு சேர்ந்து ஏதோ ஒரு பதிலும் விழுந்தது.

"தப்பு. ஒரு கெளை கீழ எறங்கு."

அடுத்த கேள்விக்கு இன்னொரு கிளை. ஐந்தாவது கேள்விக்குப் பையன் தரையில் நின்றான். அங்கிருந்து சைக்கிள் கேரியர், கேரியரில் இருந்து பள்ளிக்கூடம். பாதி மரம் உலுக்காமலே நின்றுபோயிற்று.

மறுநாள் விடிவதற்குள் சின்னசாமி போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. "எந்திரிச்சுப் படிடா எருமை. இன்னிக்கும் அந்தாளு வருவாரு. சரியாச் சொல்லிப்புட்டு மரத்து மேலயே இரு." மகன் எந்த வகுப்பு என்றுகூட அதுவரை கேட்டறியாத மனிதர் அவர். பையன் அந்தப் பாடத்தை எல்லாம் படித்து முடித்தபோது மரத்தில் புளி இல்லை. வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடம் போனான்.

ஒரு சனிக்கிழமை அம்மாக்களை மட்டும் பள்ளிக்கு வரச் சொன்னார். "அப்பாருங்க வேணாம். வந்தா புள்ளய ரெண்டு போட்டுட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் பதினைந்து பேர் போனோம். என் எதிர்வீட்டு பாய் சம்சாரம் ஜைத்தூனும் வந்தாள்.

"தெனம் ராத்திரி சோறு போடறதுக்கு முன்ன புள்ளைங்கள பாடத்துல கேள்வி கேக்கணும்" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். என்னைவிடப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

"எங்களுக்கு எழுத்தே தெரியாதே சார், என்னான்னு கேக்கறது?" என்றாள் ஜைத்தூன்.

"கேள்வியையும் புள்ளயே படிக்கட்டும், பதிலையும் அதுவே சொல்லட்டும். நீங்க மூஞ்சிய மட்டும் பாருங்க. உங்களப் பாத்துச் சொன்னா சரி. கூரையப் பாத்துச் சொன்னா தப்பு."

"எங்குளுது ஓட்டு வூடுங்களே."

"ஓட்டுலயும் பதில் எழுதியிருக்காதும்மா."

அன்று முதல் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் நிம்மதி இல்லை. அடுப்பில் களி கிண்டிக்கொண்டே அம்மாக்கள் பரிட்சை வைத்தோம். ஜைத்தூனின் மகன் பள்ளிக்கூடத்தில் போய் அழுதே விட்டான். "எங்கம்மா பாடத்தோட நிக்கல சார். சாயந்திரம் எங்க போனேன்னு கேட்டுட்டு மூஞ்சியப் பாக்குது" என்று.

என் மூத்த மகள் மாதம்மா கணக்கை எப்போதும் என்னைப் பார்த்துத்தான் சொல்லுவாள். நானும் நிம்மதியாக இருந்தேன். அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பில், பெரிய பரிட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே முன்பரிட்சை வைத்தார்கள். கணக்கில் அவளுக்கு இருபத்தெட்டு. விசாரணை அந்தத் தாளையே வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். தாள் முழுக்கக் குறுக்குக் கோடு.

"எல்லாத்தையும் சரியாப் போட்டிருக்குதுங்க. அப்புறம் பயந்துகிட்டு அடிச்சிருக்குது. சரியானதாத் தேடித் தேடி அடிச்சிருக்குது, ஒண்ணு விடல."

என் வீட்டுக்காரருக்கு வழி சுலபமாகிவிட்டது. "பரிச்சயே இல்லேன்னா அப்புறம் பள்ளிக்கோடம் எதுக்கு? அதியமான்கோட்டையில எங்கக்கா மவன் இருக்கறான். தையில பூ வச்சுடலாம்" என்றார். என்னை மூணாங்கிளாஸில் நிறுத்தியபோதும் இப்படித்தான் ஒருவர் சுலபமாகச் சொன்னார். என் மகளுக்கும் அதே பேச்சு வருவதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, மாதம்மாவையும் கூட்டிக்கொண்டு, விசாரணையோடு ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன்.

ஹெட்மாஸ்டரை நாங்கள் பெரிய சார் என்போம். நல்ல மனிதர். சரித்திரம் படித்தவர். "இருபத்தெட்டு வாங்கின புள்ளய அனுப்பி வச்சா பள்ளிக்கூடத்துக்குப் பேரு கெடும்" என்றார்.

"பேப்பரப் பாக்காதீங்க சார், வாயால கேட்டுப் பாருங்க" என்றார் விசாரணை.

பெரிய சார் மாதம்மாவைப் பார்த்தார். "ஒரு சதுரமான காடு. நாலு பக்கத்தையும் ரெண்டு மடங்கா நீட்டினா, காடு எத்தன மடங்கு ஆவும்?"

"நாலு மடங்கு சார்."

"பாத்தீங்களா? பக்கம் ரெண்டு மடங்குன்னா காடும்..." என்று நிறுத்தி, மேலே பார்த்தார். "ரெண்டு மடங்குதான?"

"புள்ள சொன்னதுதாங்க சரி" என்றேன் நான்.

"உங்களுக்குக் கணக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

"அது உங்களப் பாத்துச் சொல்லுச்சுங்க. நீங்க கூரையப் பாத்துச் சொன்னீங்க."

விசாரணைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்து, பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய சார் ஒரு தாளை எடுத்துச் சின்னதாக ஒரு கட்டம் போட்டார். அதைச் சுற்றிப் பெரிய கட்டம். நடுவில் கோடு கிழித்துப் பென்சில் முனையால் எண்ணினார். குறைகிறதா என்று இன்னொரு முறை எண்ணினார். பிறகு, "அந்தப் பொண்ணு பேரையும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

பெரிய பரிட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. போட்டதை அடிக்கிற வியாதிக்கு விசாரணை ஒரு வைத்தியம் சொன்னார். மகள் வீட்டில் சிலேட்டில்தான் கணக்குப் போட வேண்டும். துடைக்கிற துணி என் இடுப்பில் இருக்க வேண்டும். எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது. நான் களை வெட்டப் போனாலும் துணி என்னோடு வந்தது.

"ம்மா, துணியக் குடு."

"எதுக்கு?"

"தப்பாப் போட்டுட்டன்."

"எங்க தப்பு?"

"தெரியல."

"தெரியலன்னா அது தப்பில்ல. அடுத்ததப் போடு."

முதல் வாரம் கோபித்துக்கொண்டு சோறு தின்னவில்லை. இரண்டாவது வாரம் திட்டிக்கொண்டே போட்டாள். பங்குனி பிறந்த பிறகு அந்தத் துணியைக் கேட்பதையே விட்டுவிட்டாள். துணி மட்டும் பழக்கத்தில் என் இடுப்பிலேயே இருந்தது.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று விசாரணை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பேப்பர் வாங்கி, அங்கிருந்து சைக்கிளை மிதித்து வந்தார். நம்பரைச் சுற்றி மையால் வட்டம் போட்டிருந்தார். மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க மாதம்மா சின்னதுலேர்ந்தே கணக்குல கெட்டிங்க" என்றார். நான் வாத்தியாருக்கு மோர் எடுத்துவர உள்ளே போனேன். வாயை அடக்கிக்கொண்டு போவது கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த ஆனியிலேயே விசாரணையைப் பென்னாகரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் கெட்டிக்காரர், சட்டை அளவாக இருந்தது. ஆனால் பிள்ளை நாலு நாள் போகாவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் வரவில்லை. ஊரே ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

மாதம்மா டீச்சர் டிரெய்னிங் முடித்து, வேலையில் சேர்ந்து, அதற்கப்புறம்தான் அவளுக்குக் கல்யாணம் பேசினோம். என்கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாய்மாமன் தட்டை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர், என் அப்பாவின் பங்காளி வழியில் யாரோ ஒருவர் பெயரைச் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கார்டு வாங்கி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, என் கையாலேயே நாலு வரி எழுதிப் பென்னாகரத்துக்குப் போட்டேன். வாத்தியார் எந்தச் சாதி என்று ஒருவர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே, புதுச் சட்டையில், கையில் தட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். அந்தச் சட்டையும் இரண்டு ஆளுக்குப் போதும். என்னைக் கண்டதும், "தாய்மாமன் எங்கம்மா உக்காரணும்?" என்று கேட்டார்.